விசாரிக்க வேண்டிய எண்

விண்ணப்பத்தின் கடைசிக் கட்டத்தில்
முன்பு வேலை பார்த்த இடத்தின்
தொலைபேசி எண்ணைக் கேட்கிறார்கள்.
மனப்பாடமாகவே எழுதிவிடுவேன்.
மோபெனி செருப்புத் தொழிற்சாலை,
தரச் சோதனைப் பிரிவு,
பத்தொன்பது வருடம் நான்கு மாதம்.
இப்போது அந்த எண்
ஒரு காலிக் கட்டடத்தில் மணியடிக்கும்.

இத்தனை வருடம் வேலை பார்த்தவளுக்கு
வேலை தேடத் தெரியவில்லை.
கடைசியாக நான் தேடியபோது
வாசலில் போய் நின்றால் போதும்.
போர்மேன் என் விரல்களைப் பார்த்தார்,
திங்கட்கிழமை வா என்றார்.
இன்றைக்கு விரல்களை யாரும் பார்ப்பதில்லை.
படத்தை ஏற்று, பிடிஎஃப்பாக மாற்று,
கடவுச்சொல்லில் ஒரு குறியீடாவது வை
என்கிறது திரை.
பாதி ஏறும்போது மின்சாரம் போகிறது,
இரண்டு மணி முதல் நாலரை வரை.
வந்ததும் திரும்ப முதலிலிருந்து.
பெயர்: லோகாம்பாள் படையாட்சி.
வயது.
அங்கே விரல் கொஞ்சம் நிற்கிறது.
ஐம்பத்து மூன்று.

இசிபிங்கோ கிடங்கில் நேர்காணல்.
என் மகன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு,
அன்பாகத்தான் கேட்டாள்:
ஐந்து வருடம் கழித்து
உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?
கண்ணாடியில் என்று சொல்ல வாய் வந்தது.
இங்கேதான் மேடம் என்றேன்.
தப்பான விடை என்று அவள் பேனா எழுதியது.

ஓர் இடத்தில் அனுபவம் அதிகம் என்றார்கள்.
ஓர் இடத்தில்
இந்த வேலையில் அனுபவமே இல்லை என்றார்கள்.
இரண்டும் ஒரே செவ்வாய்க்கிழமை,
நடுவில் ஒரு பஸ் டிக்கெட்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை
ஒரே வெள்ளிக்கிழமை இறக்கிவிட்டார்கள்.
எந்த வரிசைக்குப் போனாலும் எனக்கு முன்னால்
பசை ஒட்டும் பிரிவு சௌந்தரி நிற்கிறாள்.
ஒரே டப்பாவில் பீன்ஸ் கறி தின்றவர்கள்,
நாளை எங்கே போகிறோம் என்று
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை.

புரட்டாசி நல்ல மாதம்.
அடுப்பில் காய் மட்டும் ஏன் என்று
சாட்ஸ்வொர்த்தில் யாரும் கேட்கமாட்டார்கள்.
ஐப்பசி பிறந்தும் நான் விரதத்தை முடிக்கவில்லை.
ஒரு வேண்டுதல் என்றேன் பக்கத்து வீட்டில்.
பொய்யில்லை.

உங்கள் திறமைக்கும் இதற்கும் தொடர்பில்லை
என்று இருந்தது நிறுத்தக் கடிதத்தில்.
முதல் மாதம் அந்த வரியை நம்பினேன்.
நாற்பத்தோராவது விண்ணப்பத்துக்கும் பதில் வராதபோது
கடிதத்தை எடுத்து
அந்த வரியை மட்டும் இன்னொரு முறை படித்தேன்,
செருப்பைத் திருப்பித் தையல் பார்ப்பதுபோல.

ஒரு மாலை
அந்த எண்ணுக்கு நானே அடித்தேன்.
பதினோராவது மணியில் யாரோ எடுத்தார்கள்.
மூச்சிலேயே தெரிந்துவிட்டது,
வாயில் காவல் பெக்கிதெம்பா.
மா லோகி, உன்னைப் பற்றி
இரண்டு பேர் விசாரித்தார்கள் என்றார்.
எனக்கு என்ன தெரியும்?
ஆறு நாற்பதுக்கு உள்ளே வருவாள் என்றேன்.
வெள்ளம் வந்த வாரமும் வந்தாள் என்றேன்.
நான் கேட்கும் முன்பே பையைத் திறந்து காட்டுவாள் என்றேன்.
சரியாகத்தானே சொன்னேன்?

அவர்கள் என்ன சொன்னார்கள்?

உன் பதவி என்ன என்று கேட்டார்கள்.
சொன்னேன்.
வைத்துவிட்டார்கள்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
அந்தப் பக்கம் தகரக் கூரையில்
மழை பிடிப்பது கேட்டது.
கட்டடம் விலை போய்விட்டதாம்,
அவருக்கும் டிசம்பர் வரைதானாம்.
அதற்குப் பிறகு படிவத்தில்
நான் யாருடைய எண்ணை எழுத என்றார்,
சிரித்துக்கொண்டே.

பேனா இருக்கிறதா என்று கேட்டு
என் எண்ணைச் சொன்னேன்.
மழைச் சத்தத்தில்
கடைசி இரண்டு இலக்கங்களை
இன்னொரு முறை.